மன்னித்தாயிற்று, மறுபடியும் சாவியைக் கொடுக்க வேண்டுமா?



இந்த வருஷத்தின் ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு சகோதரி மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டே நின்றார்கள். கணவரை இழந்தவர்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுத்து, அந்தக் கூலியில் ஒரு மகளை வளர்க்கிறவர்கள். "பாஸ்டர், ஒண்ணு கேக்கணும். அந்த பிரதர மன்னிச்சிட்டேன். மனசுல கசப்பு இல்ல. ஆனா மன்னிச்சது நெசம்னா போலீஸ்ல குடுத்த புகார வாபஸ் வாங்குங்கன்னு கேக்கறாரு. வாங்கலேன்னா நான் மன்னிக்கலேன்னு ஆயிடுமா?" என்று கேட்டார்கள்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏனென்றால், அந்த மனுஷன் கையில் அறுபதாயிரம் ரூபாயைக் கொடுக்கும்படி அந்தச் சகோதரிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னே சொன்னவனே நான்தான். அதே வாரத்தில் அதே மனுஷன் என்னிடமும் வந்து, "பாஸ்டர், கர்த்தர் என்னை மன்னிச்சிட்டார். பழையபடி காணிக்கைப் பெட்டி ஊழியத்தை எனக்குத் தாங்க" என்று அழுதார். மன்னித்தேன் என்றால் சாவியைக் கொடுக்க வேண்டுமா? கொடுக்காவிட்டால் நான் மன்னிக்காதவனா? இதைத்தான் இந்த மாதம் உங்களோடு சேர்ந்து வேத வெளிச்சத்தில் பார்க்க விரும்புகிறேன். என் குற்றத்தை மறைத்துவிட்டுப் போதிக்க எனக்கு மனசாட்சி இடங்கொடுக்கவில்லை. ஆகவே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மனுஷர்

நம்முடைய ஓரிக்கையில் ஜெபக்கூடத்துக்குச் சீட்டு போட்ட புதிதில் இரண்டு பேர் என் வாழ்க்கையில் வந்தார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. இராத்திரி ஜெபம் நடக்கும்போது வந்து சத்தம் போடுவார். இரண்டு தடவை மனு எழுதிக் கொடுத்தார். நான் அவரைச் சத்துருவின் ஆயுதம் என்று முடிவுகட்டி, அவருக்கு விரோதமாகவே ஒரு இரவு முழுக்க ஜெபித்திருக்கிறேன்.

இன்னொருவர் வெளியூரிலிருந்து வந்த சகோதரர். வாய் திறந்தால் ஸ்தோத்திரம், அல்லேலூயா. ஆராதனையில் கண்ணீர் விட்டு ஜெபிப்பார். தசமபாகம் ஒரு மாதம்கூடத் தவறாது. ஒருநாள் என்னிடம், "பாஸ்டர், ஜெபத்துல ஒரு பெரிய கட்டடம் பார்த்தேன். அதுல உங்க பேரு எழுதியிருந்தது" என்றார். வேதாகமக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து டிப்ளமா வாங்கினவன் நான். ஆவிகளைப் பகுத்தறிகிற வரத்தைப்பற்றி (1 கொரிந்தியர் 12:10) பரீட்சையில் நாலு பக்கம் எழுதினவன். ஆனால் அந்தக் கட்டடத்தைப்பற்றிச் சொன்னவுடனே என் படிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒரே மாதத்தில் காணிக்கைப் பெட்டியின் சாவியும் கணக்கு நோட்டும் அவர் கைக்குப் போயிற்று. பிறகு அவர் சபையாருக்குள்ளே ஒரு சீட்டு ஆரம்பித்தார். பதினான்கு குடும்பங்கள் சேர்ந்தன. "நம்ம பிரதர்தானே" என்று தயங்கினவர்களையும் நானே தைரியப்படுத்தினேன்.

அப்போது அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் என்னை வழியில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, அந்த ஆளு சீட்டுப் பணத்துக்கு ரசீது குடுக்கறாரா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயா, எங்களுக்குள்ள விசுவாசம்தான் ரசீது" என்றேன். பெரிய ஆவிக்குரிய பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எட்டு மாதத்தில் அந்தச் சகோதரர் இராத்திரியோடு இராத்திரியாக ஊரைவிட்டுப் போனார். மூன்று லட்சத்துக்கு மேலே போயிற்று.

அதைவிட மோசமானதை இப்போது சொல்கிறேன். சபையின் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்து, "பிரதர் சுகமில்லாமல் சொந்த ஊருக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்" என்று இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று எனக்கே தெரியும். அந்த இரண்டு மாதத்துக்குள் அவர் வேறொரு கிராமத்தில், வேறொரு சபையில், இதே சீட்டை ஆரம்பித்திருந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அந்த ஏழைகளின் பணம் தப்பியிருக்கும். ஏமாந்தவனாக ஆரம்பித்தேன், ஏமாற்றுகிறவனுக்குத் துணைபோனவனாக முடிந்தேன். இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

'வினா' என்ற வார்த்தை

பிரியமானவர்களே, ஆண்டவர் சீஷர்களை ஊழியத்துக்கு அனுப்பும்போது ஓநாய்களின் நடுவே போகிற ஆடுகள் என்று அவர்களைச் சொன்னார். சர்ப்பத்தின் விவேகமும் புறாவின் கள்ளமில்லாத தன்மையும் சேர்ந்தே வேண்டும் என்றார் (மத்தேயு 10:16). நம்மில் பலர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறோம். புறாவை மட்டும் எடுத்தவன் ஓநாய்க்கு இரையாகிறான். சர்ப்பத்தை மட்டும் எடுத்தவன் தானே கடிக்கிறவனாகிவிடுகிறான்.

நம் பழைய தமிழ் வேதத்தில் சர்ப்பத்தைப்பற்றிச் சொல்லும் அந்த இடத்தில் 'வினா' என்ற வார்த்தை வருகிறது. அந்த நாளைய தமிழில் அதற்கு விவேகம் என்று அர்த்தம். இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால், வினா என்றால் கேள்வி என்று சொல்லும். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகிறது. விவேகமுள்ளவன் கேள்வி கேட்கிறவன். அந்தப் பெரியவர் கேட்ட ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் போதும், பதினான்கு வீட்டில் அழுகை இருந்திருக்காது.

கேள்வி கேட்பது அன்புக்கு விரோதமா? அப்படித்தான் நான் நினைத்தேன். அன்பு எல்லாவற்றையும் நம்பும் என்று பவுல் எழுதியிருக்கிறாரே என்று பிரசங்கமும் பண்ணினேன் (1 கொரிந்தியர் 13:7). ஆனால் அதற்கு முந்தின வசனத்தை விட்டுவிட்டேன். அன்பு சத்தியத்திலே சந்தோஷப்படும் என்று அங்கே இருக்கிறது. உண்மையைத் தேடாத அன்பு வெறும் சோம்பல். விசாரிக்க அலுத்துக்கொண்டு அதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

நானும் தறிக்காரன் மகன்தான். பட்டுச் சேலைக்குச் சரிகை வாங்கும்போது என் தகப்பனார் என்ன செய்வார் என்று பார்த்து வளர்ந்தவன். அசல் சரிகைக்குள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும், அதன்மேல் வெள்ளிக் கம்பி, அதற்கும்மேல் தங்க முலாம். வெளியே பார்த்தால் போலிச் சரிகையும் அதேபோலத்தான் மினுக்கும். சொல்லப்போனால் கொஞ்சம் கூடவே மினுக்கும். சுரண்டிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். சுரண்டிப் பார்க்கிறதால் அசல் சரிகைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அதன் மதிப்பு கூடுகிறது. சோதனைக்குப் பயப்படுவது போலிதான். ஒரு சகோதரனிடம் "கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்டால், உண்மையுள்ளவன் உடனே நோட்டை எடுத்து நீட்டுவான். மற்றவன்தான் "என்மேலே நம்பிக்கை இல்லையா பாஸ்டர்?" என்று கண் கலங்குவான்.

விரித்த ஐந்து விரல்கள்

இங்கிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்டவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கிற குடவோலை முறையை அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சபையில் நம்மைப் போன்ற ஏழை எளியவர்களுக்கு இடமிருக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் மனுஷ இருதயம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்குத் திரும்பவும் இடமில்லை. அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஊர் கூடியிருக்கும்போது, ஒன்றும் அறியாத ஒரு சிறுபிள்ளையைக்கொண்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன்? விரலிடுக்கில் வேறொரு ஓலையை மறைத்து வைத்திருக்கக் கூடாதே! அவர் வாசித்த பெயரை அங்கிருந்த மற்றவர்களும் வாசிக்க வேண்டும். இப்படி ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னே எழுதி வைத்தார்கள்.

ஓலையை வாங்கின அந்த மனுஷனைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. கையை விரித்துக் காட்டினால் அவன்மேலும் யாரும் பழி சொல்ல முடியாது. ஒழுங்கு என்பது ஊரையும் காப்பாற்றும், அந்த ஆளையும் காப்பாற்றும். அப்போஸ்தலனாகிய பவுலும் இதைத்தான் செய்தார். எருசலேமின் ஏழைகளுக்கு வசூலித்த பணத்தைத் தான் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரர்களைக் கூட அழைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் யோக்கியனாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்பாகவும் அப்படி இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:20, 21). பவுலுக்கே சாட்சிகள் தேவைப்பட்டார்கள். நான் ஒரு மனுஷன் கையில் சாவியையும் நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் விழுந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

ஏமாற்றுகிறவன் எந்த வாசலில் வருகிறான்?

யோசுவாவின் நாட்களில் கிபியோனியர் வந்த விதத்தைப் பாருங்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், தூரதேசத்திலிருந்து வருகிறவர்களைப்போலப் பழைய செருப்பும் பூசணம் பிடித்த அப்பமுமாக வந்தார்கள். இஸ்ரவேலர் அப்பத்தைப் பார்த்தார்கள், கர்த்தரிடத்தில் கேட்கவில்லை (யோசுவா 9:14). இங்கேயும் கேள்வி கேட்காததுதான் குற்றம்.

நெகேமியாவுக்கு வந்தது இன்னும் நுட்பமானது. சன்பல்லாத்து நான்கு தடவை ஆள் அனுப்பினான், ஓனோ பள்ளத்தாக்கில் சந்தித்துப் பேசலாம் வா என்று. நெகேமியா திட்டவில்லை, சண்டைக்கும் போகவில்லை. பெரிய வேலை இருக்கிறது, இறங்கி வர முடியாது என்று நான்கு தடவையும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினார். பிறகு செமாயா என்பவன் தீர்க்கதரிசனம் சொல்லுகிறவனைப்போல, உன்னைக் கொல்ல வருகிறார்கள், ஆலயத்துக்குள் ஒளிந்துகொள் என்றான். நெகேமியா நிதானித்துப் பார்த்தார். இவன் கூலிக்குப் பேசுகிறான் என்று கண்டுகொண்டார் (நெகேமியா 6:10-13).

பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் இந்த இடத்தில் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணக் கூடாது என்று சொன்ன அதே பவுல், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொன்னார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த வெளிப்பாடு என் ஆசைக்குத் தீனி போடுகிறதா என்று என்னையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. அதில் என் பெயரும் வேண்டியிருந்தது. அந்தச் சகோதரர் என் இருதயத்தில் ஏற்கெனவே திறந்து கிடந்த வாசலில்தான் நுழைந்தார். தன் சொந்த இச்சையால்தான் ஒருவன் இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு சொல்லுகிறாரே (யாக்கோபு 1:14).

இது சபைக்குள் மட்டும் நடப்பதல்ல. 2022ஆம் வருஷம் ஆருத்ரா கோல்டு என்ற நிறுவனத்தின்மேல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் வரை தருகிறோம் என்று சொல்லி, ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் வசூலித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பணம் போட்டவர்களில் எத்தனையோ படித்தவர்கள். ஒரு லட்சத்துக்கு மாதம் முப்பதாயிரம் எந்தத் தொழிலில் வரும் என்று ஒரு தறிக்காரனுக்குக்கூடத் தெரியும். ஆனால் ஆசை வந்தால் கேள்வி வருவதில்லை.

ஸ்வார்ட்ஸ் ஐயரின் சுத்தமான கை

விரோதிகளுக்கும் கபடக்காரர்களுக்கும் நடுவில் ஒரு தேவமனுஷன் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. கிறிஸ்டியன் பிரடெரிக் ஸ்வார்ட்ஸ் ஐயர் 1750ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, 1798ல் தஞ்சாவூரிலேயே மரித்தவர். 1779ல் சென்னையிலிருந்த கம்பெனி அரசாங்கம், ஹைதர் அலியிடம் சமாதானம் பேச அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பிற்று. ஹைதர் கம்பெனிக்காரர்களை நம்பவில்லை. அவர்கள் உடன்படிக்கையைக் காப்பாற்றவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஆனால் இந்தப் பாதிரியார் பொய் சொல்லமாட்டார் என்று நம்பினார்.

அந்தப் பிரயாணத்தில் ஐயர் ஒரு தீர்மானம் வைத்திருந்தார். யாரிடமும் வெகுமானம் வாங்கித் தன் கையைக் கறைப்படுத்திக்கொள்வதில்லை என்பதுதான் அது. திரும்பும்போது ஹைதர் வழிச்செலவுக்கு என்று 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். அதைக் கொண்டுவந்து அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவர்கள் வாங்க மறுத்து அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னதும், தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதை முதலீடாக வைத்தார். பாருங்கள், இரண்டு பக்கமும் சூழ்ச்சி. நடுவில் நின்றவரிடம் வாங்கக்கூடிய பொருள் எதுவும் இல்லை. ஆகையால் அவர் கண் தெளிவாக இருந்தது.

அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. அடுத்த வருஷமே யுத்தம் நம் வாசலுக்கு வந்தது. 1780 செப்டம்பர் 10ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. மன்றோவின் சேனை காஞ்சிபுரத்தில் இருந்தும் உதவிக்குப் போய்ச் சேரவில்லை. ஆனாலும் அந்த யுத்த நாட்களில், இந்தப் பாதிரியாரைத் தடுக்காமல் போகவிடுங்கள் என்று ஹைதர் தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்திருந்தார். தஞ்சாவூரில் பஞ்சம் வந்தபோது, முன்பு தானியம் கொடுத்துப் பணம் கிடைக்காமல் போன குடியானவர்கள் யாரையும் நம்பி நெல் கொண்டுவர மறுத்தார்கள். பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஐயர் சொன்னதும் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. நம்பிக்கை என்பது கேட்டு வாங்குகிற பொருள் அல்ல, வருஷக்கணக்கில் சம்பாதிக்கிற பொருள்.

இப்படிப்பட்டவரும் ஒரு தடவை ஏமாந்தார். தஞ்சாவூர் ராஜா துளஜா 1787ல் மரிக்குமுன், தான் சுவீகாரம் எடுத்த சரபோஜி என்ற பிள்ளையை ஐயரிடம் ஒப்படைக்க விரும்பினார். ஐயர் அந்தப் பொறுப்பை மறுத்து, ராஜாவின் சகோதரர் அமர்சிங்கிடம் விடும்படி ஆலோசனை சொன்னார். பிறகு சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்கள் தீர்ப்புச் சொல்ல, அமர்சிங்கே ராஜாவானார். பிள்ளை அடைபட்டு, படிப்பில்லாமல் கிடந்தான். ஐயர் அதைக் கண்டபோது, 'நான் சொன்ன ஆலோசனைதானே, வெளியே சொன்னால் என் பெயர் போகுமே' என்று மறைக்கவில்லை. அரசாங்கத்துக்கு எழுதினார், விடாமல் முயன்றார். 1793ல் சரபோஜி பத்திரமாகச் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார். 1798ல் அவரே தஞ்சாவூர் ராஜாவானார். ஏமாந்தது பாவமல்ல பிரியமானவர்களே. ஏமாந்ததை மூடிமறைத்து, பலவீனமானவனை அந்தக் கையிலேயே விட்டுவிடுவதுதான் பாவம். நான் மறைத்த இரண்டு மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

சகோதரன்மேல் வழக்கா?

இங்கே சிலர் கேட்பீர்கள்: "பாஸ்டர், சகோதரனுக்கு விரோதமாகச் சகோதரன் வழக்குக்குப் போகக் கூடாது என்று வேதம் சொல்லுகிறதே?" (1 கொரிந்தியர் 6:1-7). நியாயமான கேள்வி. இரண்டு விசுவாசிகளுக்குள் கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால், அதைச் சபைக்குள் தீர்ப்பதும், சில சமயம் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வதும் நல்லது. ஆண்டவரே அதற்கு ஒழுங்கு வைத்தார்: முதலில் தனியே, பிறகு இரண்டு மூன்று பேரோடு, பிறகு சபைக்கு முன்பாக (மத்தேயு 18:15-17). ஆனால் ஊர் ஊராகப் போய் ஏழைகளின் பணத்தை எடுக்கிறது தகராறு அல்ல, குற்றம். என் நஷ்டத்தை நான் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த விதவையின் நஷ்டத்தை நான் பொறுத்துக்கொள்ள எனக்கு என்ன அதிகாரம்?

பவுலைக் கொல்ல நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் சபதம் பண்ணினபோது, அவர் தன் சகோதரி மகனைச் சேனாபதியிடம் அனுப்பித் தகவல் சொல்ல வைத்தார் (அப்போஸ்தலர் 23:12-22). அது அவிசுவாசமல்ல. பணம் போட்டவர்களைக் காப்பாற்ற நம் தமிழ்நாட்டிலேயே 1997ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதம் தாமதித்து, நான்கு குடும்பத்தாரோடு போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். அந்த நாட்களில் நம் வாலிபர் ஒருவர், "பாஸ்டர், கடன் தர்றோம்னு பொய் சொல்லி போன்ல வரவழைச்சிப் பிடிச்சிடலாம்" என்றார். என் மாம்சத்துக்கு அது இனிப்பாக இருந்தது. ஆனால் ஏற்கெனவே இரண்டு மாதம் பொய் சொல்லி நான் பட்டது போதும். கபடக்காரனிடம் தப்புவதற்குக் கபடத்தைக் கற்றுக்கொண்டால், பணமும் போய், இருதயமும் போய்விடும். கிபியோனியரால் ஏமாந்த இஸ்ரவேலர், தாங்கள் கொடுத்த ஆணையை மீறவில்லை. எத்தனையோ காலத்துக்குப் பின் சவுல் அதை மீறினதற்காகத்தான் தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம் வந்தது (2 சாமுவேல் 21:1). எதிராளி பொய்யன் என்பது நான் பொய் சொல்ல உத்தரவு ஆகாது.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் வெட்கத்தோடு போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "உங்க சாமியோட எனக்கு ஒண்ணும் சண்டை இல்ல தம்பி. ராத்திரி பத்தரைக்கு என் வீட்டுக்காரி தூங்கணும், சீக்காளி. அவ்வளவுதான்." இராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000ஆம் வருஷத்து விதியே இருக்கிறது. சட்டத்தை மீறினவன் நான். அவரைச் சாத்தான் என்று ஜெபித்ததும் நான். எல்லா விரோதமும் பொல்லாத இருதயத்திலிருந்து வருவதில்லை, எல்லா இனிப்பும் அன்பிலிருந்து வருவதில்லை. அன்றுமுதல் ஸ்பீக்கர் ஒன்பதரைக்கு நின்றுவிடும்.

மன்னிப்பு வேறு, சாவி வேறு

அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். யோவான் ஒரு காரியத்தை எழுதியிருக்கிறார். அற்புதங்களைக் கண்டு அநேகர் இயேசுவை விசுவாசித்தார்கள், ஆனால் இயேசு தம்மை அவர்கள் கையில் ஒப்படைக்கவில்லை, மனுஷனுக்குள் இருப்பது அவருக்குத் தெரியும் (யோவான் 2:24, 25). அந்த மனுஷருக்காகவும் சேர்த்துத்தான் அவர் சிலுவையில் மரித்தார். உயிரைக் கொடுத்தார், ஆனாலும் அன்றைக்குத் தம்மை நம்பி ஒப்படைக்கவில்லை. அப்படியானால் இரண்டும் வேறு வேறு.

யோசேப்பும் அப்படித்தான். தன்னை விற்ற சகோதரரைக் கண்டபோது தனியே போய் அழுதார். உள்ளுக்குள் மன்னிப்பு இருந்தது. ஆனாலும் தன்னைக் கைவிட்டதுபோல இளைய தம்பியையும் கைவிடுவார்களா என்று பார்த்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினார். மன்னிப்பு என் இருதயத்தில் இன்றைக்கே நடக்கலாம், அதற்கு அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நம்பிக்கை இரண்டு பேருக்கு நடுவில் கட்டப்படுகிற சுவர். ஒருவர் மட்டும் கட்டி முடிக்க முடியாது. சகேயு மனந்திரும்பினபோது அழுததாக வேதத்தில் இல்லை. நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னதாக இருக்கிறது (லூக்கா 19:8).

ஆகவே சகோதரியிடம் சொன்னேன்: "அம்மா, நீங்க மன்னிச்சது கர்த்தருக்குத் தெரியும். புகார் உங்க ஒருத்தருடையது இல்ல. நாளைக்கு இன்னொரு விதவை ஏமாறாம இருக்கவும்தான் அது. வாபஸ் வாங்க வேணாம். அவருக்காகத் தினமும் ஜெபம் பண்ணுங்க. ரெண்டும் சேர்ந்தே நடக்கட்டும்." அவர்கள் முகம் தெளிந்தது. உங்க பேச்சைக் கேட்டுத்தானே அன்றைக்குக் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் போதுமான தண்டனை.

அந்தச் சகோதரரிடமும் சொன்னேன்: "பிரதர், ஆராதனைக்கு வாங்க. உங்களுக்கு இங்க பாய் உண்டு, கஞ்சி உண்டு. பெட்டிச் சாவி கிடையாது. எடுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் குடுங்க." அவர் கோபமாக எழுந்து போனார். மூன்று வாரம் வரவில்லை. நாலாவது வாரம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் இரண்டாயிரம் ரூபாயை நீட்டினார். அதை அந்தச் சகோதரியின் பெயரில் எழுதி, இரண்டு மூப்பர்களின் கையெழுத்தோடு ரசீது கொடுத்தோம்.

இது உண்மையான மனந்திரும்புதலா? இன்றைக்கு எனக்குத் தெரியாது. பாதி வழியில் விட்டுப்போன மாற்கைப் பவுல் அடுத்த பிரயாணத்துக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் அதே பவுல் கடைசி நாட்களில், மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்கு வேண்டும் என்று எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). கதவை அடைத்துவிடவும் கூடாது, தாழ்ப்பாள் போடாமல் தூங்கவும் கூடாது. காலம் சொல்லும், கனி காட்டும்.

இப்போது நம் சபையின் பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு வீட்டில் இரண்டு சாவி. ஒன்றும் என் வீட்டில் இல்லை. மாதக் கணக்கு ஜெபக்கூடத்துச் சுவரில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் உள்ளே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுசாகப் படித்தார். "சரியா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெபிப்போமா? பரம தகப்பனே, எங்கள் ஆசை எங்கள் கண்ணை மறைக்காதபடி காத்தருளும். எங்களை விரோதிக்கிறவர்களின் வார்த்தையிலும் உம்முடைய எச்சரிப்பு இருந்தால், அதைக் கேட்கத் தாழ்மையைத் தாரும். ஏமாற்றினவர்களை மன்னிக்க இருதயத்தையும், மறுபடியும் ஏமாறாதபடி விவேகத்தையும் தாரும். நாங்கள் ஒருவரையும் ஏமாற்றாதபடி எங்கள் கைகளை விரித்தே வைத்திரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.